சந்திப்பில் ரயில்கள் பூட்டிக்கொண்டால்

ஃபேக்டோரியோ கணினி விளையாட்டில் நான்குமுனைச் சந்திப்பு முழுக்கச் சாதாரண சிக்னலே போட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது ரயிலை விட்டதும் எல்லாம் ஒன்றையொன்று மறித்து நின்றுவிட்டன என்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும். சாதாரண சிக்னல் அடுத்த பிளாக் (சிக்னல்களுக்கு இடைப்பட்ட தண்டவாளப் பகுதி) காலியா என்று மட்டும்தான் பார்க்கும். அதைத் தாண்டி வெளியேற வழி உண்டா என்பது அதற்குத் தெரியாது. உள்ளே வந்த ரயில் போக இடமில்லாமல் குறுக்கே கிடக்கிறது.

நுழையும் இடத்திலும் சந்திப்புக்கு நடுவிலும் செயின் சிக்னல் வையுங்கள். அது போகும் வழியில் அடுத்த சிக்னலும் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ரயிலை உள்ளே விடும். வெளியேறும் இடத்தில் மட்டும் சாதாரண சிக்னல்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கடுத்த இடத்தில்தான். வெளியேறும் சிக்னலுக்குப் பிறகு வரும் பிளாக்கில் முழு ரயிலும் அடங்க வேண்டும். எஞ்சினோ பெட்டியோ, இடைவெளியோடு ஒன்றுக்கு 7 கட்டம். உங்கள் ஒரு எஞ்சின், நான்கு பெட்டி ரயிலுக்கு 35 கட்டம், அதாவது நேர்த் தண்டவாளம் 18 துண்டு. 10 துண்டிலேயே அடுத்த சிக்னலை நட்டால் ரயிலின் வால் சந்திப்பிலேயே இருக்கும். சிக்னலைக் கையில் எடுத்தாலே பிளாக்குகள் தனித்தனி நிறத்தில் தெரியும், அதை வைத்துச் சரிபாருங்கள்.

இப்போது சிக்கியிருப்பவற்றை மேனுவலுக்கு மாற்றி, நீங்களே ஏறிப் பின்னுக்கு எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நிலையத்தின் ரயில் வரம்பு, அதாவது ஒரே நேரத்தில் அந்த நிலையத்தை நோக்கி எத்தனை ரயில் வரலாம் என்ற எண்ணிக்கை. பின்னால் காத்திருக்க இடமில்லாத நிலையத்துக்கு 1 போதும். ஒரு ரயில் நிற்கலாம் என்றால் 2. ஏற்றும், இறக்கும் நிலையங்களின் வரம்புகளைக் கூட்டினால் வருவதைவிட ரயில் ஒன்றாவது குறைவாக இருக்கட்டும். சமமாகிவிட்டால் எல்லாம் நிலையத்திலேயே நின்றுவிடும், நீங்கள் சிக்னலில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.