புகாராவில் ஸ்பூன் ஏன் வைப்பதில்லை?

டெல்லி ஐடிசி மௌரியா ஹோட்டலின் புகாரா உணவகத்தில், அவ்வளவு காசு வாங்கிக்கொண்டு ஸ்பூன், ஃபோர்க் ஏன் வைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது வடமேற்கு எல்லைப்புறச் சமையல், அதாவது இன்றைய பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லைப் பக்கத்துச் சமையல். தந்தூரில் சுட்ட கறியையும் ரொட்டியையும் கையால் பிய்த்துச் சாப்பிடுவதுதான் முறை. சட்டை கறையாகாமல் இருக்கக் கட்டம் போட்ட ஏப்ரன் தருவார்கள். கேட்டால் ஸ்பூனும் வரும், ஆனால் கேட்காதீர்கள்! சிக்கந்தரி ரான் என்கிற முழு ஆட்டுத்தொடையில் விரல் வைத்தாலே கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். அப்புறம் தால் புகாரா: முழுக் கறுப்பு உளுந்து, தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாம் ராத்திரி முழுக்கத் தணலில், சுமார் 18 மணி நேரம் வேகும். சூடான நானைக் கிழித்து அந்தப் பருப்பை வழித்து எடுத்தால் வெண்ணெய் விரலிடுக்கில் வழியும். அந்தச் சுகம் ஸ்பூனில் கிடைக்காது. சரி, ‘நான் புகாரா’ என்கிற பெரிய நான் ரொட்டி ஒன்றே மேசைக்குப் போதும், ஆளுக்கொன்று சொல்லிவிடாதீர்கள்.