கருத்தடை செய்த நாய்க்கும் கட்டி வருமா?

கே: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. 6 வயதில்தான் கருத்தடை செய்தோம். இப்போது கடைசிக் காம்பை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு கட்டி. கருப்பையையே எடுத்த பிறகு இது எப்படி?

எடுத்தது கருப்பையும் சினைப்பையும்தானே, மடி அப்படியேதான் இருக்கிறது. 6 வயதுக்குள் எத்தனை முறை ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்திருக்கும், அத்தனை முறையும் ஹார்மோன் மடியைத் தூண்டிவிட்டுத்தான் போயிருக்கும். முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு இந்தக் கட்டி மிக அரிது என்று 1969-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அதன் எண்கள் பற்றி இன்றும் வாதம் உண்டு, ஆனால் தாமதமாகச் செய்தால் பலன் குறைவு என்பதுதான் என் கருத்து. மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்று. 3 செ.மீ.க்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும், அதனால் 'வளருதா பார்ப்போம்' என்று உட்கார வேண்டாம். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் ஆபரேஷன். எடுத்த கட்டியைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஊசி குத்திப் பார்ப்பது மட்டும் பல நேரம் போதாது.

கே: இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா?

ரத்தப் பரிசோதனையும் இதயமும் சரியாக இருந்தால், பெரும்பாலும் தாங்கும்.

கே: காதில் வெட்டு உள்ள தெருநாயை எடுத்து வளர்க்கிறோம். பின்புறம் ரத்தம் சொட்டுகிறது. ஹீட்டா?

காது வெட்டு என்றால் கருத்தடை ஆனது என்று அர்த்தம். முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா பாருங்கள். பிறப்புறுப்புக்குள் காலிஃபிளவர் மாதிரி சதை தெரிந்தால் டி.வி.டி. (TVT) என்கிற தொற்றும் புற்றுக் கட்டி. இனச்சேர்க்கையில் மட்டுமல்ல, நக்குவதிலும் மோப்பம் பிடிப்பதிலும் புற்றுச் செல்லே நாய் விட்டு நாய் தாவும். கருத்தடை இதைத் தடுக்காது. நல்ல சேதி, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி, நாலைந்து வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். ரத்தக் குழாயை விட்டு மருந்து கசிந்தால் அந்த இடமே புண்ணாகிவிடும், வீட்டுக்கு ஆள் வரவழைத்துப் போட வேண்டாம். ஆண் நாய்கள் துரத்துகின்றன, பிறப்புறுப்பு வீங்கியிருக்கிறது என்றால் கதை வேறு: சினைப்பைத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், அதிலும் கட்டி வரலாம், ஸ்கேன் எடுங்கள்.

கே: 13 வயது நாய்க்கு மடி முழுக்கச் சிவந்து சுடுகிறது. ஆன்டிபயாடிக் கேட்கவில்லை.

பால் சுரக்காத கிழ நாய்க்கு மடிநோய் வருவது அபூர்வம். அழற்சியோடு பரவும் புற்றாக இருக்கலாம், இதில் கத்தி வைப்பது பொதுவாக உதவாது. வலி நிவாரணிதான் முக்கியம், இன்றே போங்கள்.

கே: வீட்டில் எப்படிப் பார்ப்பது?

மாதம் ஒருமுறை மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சிலிருந்து தொடையிடுக்கு வரை பத்துக் காம்பையும் சுற்றி விரல் நுனியால் உருட்டிப் பாருங்கள். காம்பையே உண்ணி என்று பிடுங்கப் பார்ப்பவர்களும் உண்டு, பாவம்!