புது டயர் போட்டதும் ஏபிஎஸ், இஎஸ்பி விளக்கு எரியுதா?

பிரேக்கைப் பிரிக்க இப்போதைக்கு யாரையும் விடாதீங்க. நாலு டயரும் மாத்தி, அலைன்மென்ட்டும் பார்த்துட்டு, மாட்டுத்தாவணியிலிருந்து வீடு வர்றதுக்குள்ள ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிறது), இஎஸ்பி (வண்டி சறுக்காம பார்த்துக்கிறது) விளக்கு ரெண்டும் சேர்ந்து எரிஞ்சதுன்னு சொல்றீங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா என் முதல் சந்தேகம் சக்கர வேக சென்சார் மேலதான். வேலை நடக்கும்போது வயர் இழுபட்டிருக்கலாம், கனெக்டர் நழுவியிருக்கலாம்.

வண்டி ஆறின பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு வச்சு, முன் சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. மெல்லிசா ஒரு கருப்பு வயர் போகும். கிளிப்பை விட்டுத் தொங்குதா, டயர்ல உரசுதான்னு கவனிங்க. அடுத்து மறுபக்கம். வண்டியை ஜாக்கியில மட்டும் நிறுத்திட்டு அடியில தலையை விடாதீங்க.

வயர் நல்லா இருந்தா, ரிங் ரோட்டுல நேரா போறப்போ ஸ்டீயரிங் கோணலா நிக்குதான்னு பாருங்க. கோணலா இருந்தா, அலைன்மென்ட்டுக்கு அப்புறம் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு சொல்ற கோண சென்சாரை ஜீரோ பண்ணாம விட்டிருக்கலாம். இஎஸ்பி மட்டும் எரியுற வண்டிகள்ல பெரும்பாலும் இதுதான் கதை. அலைன்மென்ட்டைச் சரிபண்ணி, ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டரோட பேசுற கருவி) ஜீரோ செட் பண்ணச் சொல்லுங்க. ஸ்கேனர் இல்லாத டயர் கடைகளும் உண்டு, கேட்டுட்டுப் போங்க. எந்தச் சக்கரத்தோட சென்சார்ல கோளாறுன்னும் ஸ்கேனரே காட்டிடும்.

நாலு டயரும் ஒரே அளவுதானான்னும் டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கிற அளவைப் படிச்சுப் பாருங்க. அளவு மாறினா சக்கரங்களோட சுழற்சி வேகம் மாறும், கம்ப்யூட்டர் குழம்பும்.

ஏபிஎஸ் மட்டும் வேலை செய்யலைன்னா சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனா ஈர ரோட்டுல பலமா அழுத்தினா சக்கரம் பூட்டிக்கலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் வந்தா வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்க.