தேத்தண்ணியை விட்டால் தலை ஏன் இடிக்கிறது? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஒபிஸில் நாளுக்கு ஆறு பால்தேத்தண்ணியும் இரண்டு நெஸ்கபேயும் குடித்து வந்தேன். நெஞ்சு படபடக்கிறதென்று ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். பின்னேரமே தலையிடி தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை சத்தியும் எடுத்தேன். கடைசியில் ஒரு பிளேன்டீ குடித்தேன், கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விட்டது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? எப்படி விடுவது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்களுக்கு வந்தது கஃபீன் விலகல் தலையிடி, அதாவது தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் திடீரென நின்றதால் வந்த தலையிடி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். அது தன் ஏற்பிகளில் ஒட்டும்போதுதான் களைப்பும் நித்திரையும் வரும். கஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. தினமும் இது நடந்தால் மூளை ஏற்பிகளைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். அந்த நிலையில் கஃபீன் திடீரென நின்றால் அடினோசின் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும். மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். தலையிடி, தூக்கக் கலக்கம், எரிச்சல், குமட்டல் எல்லாம் அதனால்தான்.

கடைசிக் கோப்பை குடித்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் இது தொடங்கும். முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். நாளுக்கு 100 மில்லிகிராம் பழகியவர்களுக்குக்கூட வரலாம். தனக்குக் கட்டுப்பாடு இல்லையென்று நீங்கள் நொந்துகொள்ளத் தேவையில்லை. உடம்பு பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 150 மில்லிலீற்றர் தேத்தண்ணியில் பொதுவாக 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். ஒரு கரண்டி இன்ஸ்டன்ட் கோப்பியில் சுமார் 60. தேத்தண்ணிக்கு 40 என்று வைத்தால் உங்கள் நாளாந்த அளவு 360 மில்லிகிராம். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு நாளுக்கு 400 வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகவரகத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. கர்ப்பிணிகளுக்கு 200. நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் எல்லோர் உடம்பும் ஒன்றல்ல. படபடப்பு குறையாவிட்டால் ஈசிஜி, தைரொயிட், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

குறைக்கும்போது கிழமைக்கு ஏறத்தாழ கால்வாசி போதும். முதல் கிழமை ஒரு நெஸ்கபேயையும் நாலு மணிக்குப் பிறகு குடிக்கும் தேத்தண்ணியையும் விடுங்கள். 260க்கு வந்துவிடுவீர்கள். இரண்டாம் கிழமை மற்ற நெஸ்கபேயையும் விட்டால் 200. மூன்றாம் கிழமை மூன்று முழுக் கோப்பை, ஒரு அரைக் கோப்பை. நான்காம் கிழமை இரண்டு. ஐந்தாம் கிழமை காலையில் ஒன்று. அதற்குப் பிறகு முழுதாக விடலாம், அல்லது அந்த ஒன்றோடு நின்றுகொள்ளலாம். பலருக்கு அந்த ஒன்றோடு நிற்பதே போதுமாக இருக்கும். எந்தக் கிழமையாவது தலையிடி வந்தால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டாம். அதே படியில் இன்னொரு கிழமை இருங்கள்.

இந்தத் திட்டம் பெரும்பாலும் மூன்று இடங்களில் உடைகிறது. முதலாவது, கோப்பைகளைக் குறைத்துவிட்டுச் சாயத்தைக் கூட்டுவது. டஸ்ட் தேயிலையை நன்றாகக் கொதிக்க வைத்து எடுக்கும் கடைத் தேத்தண்ணியில் வீட்டுத் தேத்தண்ணியைவிடக் கஃபீன் அதிகமாக இருக்கலாம். குறைக்கும் நாட்களில் தேயிலையை அளந்து போட்டு வீட்டில் ஊற்றிக் குடிப்பதே நல்லது. இரண்டாவது, தலையிடிக்குப் போடும் மாத்திரை. பரசிட்டமோலோடு கஃபீன் சேர்த்து வரும் மாத்திரைகளில் ஒன்றுக்குப் பெரும்பாலும் 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இரண்டு போட்டால் மூன்று தேத்தண்ணி குடித்த கணக்கு. பெட்டியை வாசித்து, கஃபீன் இல்லாததை வாங்குங்கள். அதையும் மாதத்தில் 15 நாளுக்குக் கிட்டப் போட்டு வந்தால் மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளில் ஏழு மணிக்குக் குடிப்பவர் விடுமுறையில் பத்து மணி வரை படுத்திருந்தால் தலையிடியோடுதான் எழும்புவார். திட்டம் முடியும்வரை ஏழு நாளும் ஒரே நேரத்தில் குடியுங்கள்.

சீனியையும் கூடவே நிறுத்தினால் எதனால் களைப்பு என்று பிரித்தறிய முடியாமல் போகும். அதை அடுத்த மாதத்துக்கு விடுங்கள்.

இடி விழுந்தாற்போலத் திடீரென வரும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பத்து நாள் தாண்டியும் போகாத தலையிடி ஆகியவற்றைக் கஃபீன்மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். முதல் மூன்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: நோன்பு தொடங்கி முதல் இரண்டு மூன்று நாள் அஸர் (பின்னேரத் தொழுகை) நேரத்துக்கே தலை பிளக்கிறது. தண்ணீர் குறைந்ததாலா?
- வாசகர், மருதானை

பதில்: தண்ணீரும் ஒரு காரணம். ஆனால் முதல் மூன்று நாளோடு நின்றுவிடுகிறதென்றால் பெரும்பங்கு கஃபீனுக்குத்தான். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் நடுப்பகுதியிலேயே பகல் தேத்தண்ணிகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, மிச்சத்தை விடியமுன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகுக்கும் மாற்றிவிடுங்கள். கஃபீன் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். சஹரில் ஒரு கோப்பை குடித்தால் தலையிடி தொடங்கும் நேரம் இஃப்தாருக்குக் கிட்டத் தள்ளிப் போகும். இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வந்து கடும் சாயத்தில் குடிப்பதைத் தவிருங்கள். சஹருக்கு எழும்ப வேண்டிய நித்திரையை அது தின்றுவிடும். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களுக்கும், சத்திரசிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்கும் வரும் தலையிடிக்கு இதுவும் ஒரு காரணம். சத்திரசிகிச்சைக்கு முதல் பால் சேர்க்காத தேத்தண்ணி எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: 'தேத்தண்ணியும் ஒரு போதைதான், சிகரெட்டும் தூளும் (ஹெரோயின்) அதேபோலத்தான்' என்று கடையில் வாதாடுகிறார்கள். உண்மையா?
- வாசகர், புறக்கோட்டை

பதில்: உடம்பு பழகுவது வேறு, வாழ்க்கை அதன் பிடிக்குள் போவது வேறு. கஃபீனில் முதலாவது நிச்சயம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் கஃபீன் விலகல் ஒரு நோயறிதலாகவே இடம்பெற்றது. கஃபீன் அடிமைத்தனத்தை மட்டும் 'மேலும் ஆராய வேண்டியது' என்ற பட்டியலில் ஒதுக்கினார்கள். ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெட்டமைன்), கொக்கெயின் போன்றவை மூளையில் இன்ப உணர்வைத் தரும் பாதையில் டொபமின் என்ற இரசாயனத்தைப் பொங்க வைப்பவை. வழக்கமான அளவில் குடிக்கும் கஃபீன் அந்த மாதிரிச் செய்வதில்லை. அளவு கூடினால் இன்பம் கூடாது, கை நடுங்கி நெஞ்சு படபடக்கும். அந்த அசௌகரியமே ஒரு கடிவாளம்.

சிகரெட்டைக் கஃபீனோடு ஒரே தட்டில் வைப்பதை நாம் ஏற்கமாட்டோம். 1994இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வொன்றில், ஒருமுறையாவது பாவித்தவர்களில் அடிமையானவர்கள் புகையிலையில் 32 வீதம், ஹெரோயினில் 23, கொக்கெயினில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. சட்டப்படி கடையில் விற்கும் புகையிலைதான் முதலிடத்தில் நிற்கிறது. வெற்றிலையோடு மெல்லும் பாக்கையும் மறக்க வேண்டாம். அதற்கும் பழக்கம் பிடிக்கும், விலகலும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்க்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களில் ஒன்றாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: நான் தேத்தண்ணியை ஒரேயடியாக விட்டேன். மூன்று நாள் கஷ்டப்பட்டேன், நாலாம் நாள் சரியாகிவிட்டது. அண்ணா காலையில் எழும்பியதுமே சாராயம் குடிக்கிறார், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. அவரையும் மூன்று நாள் அறையில் வைத்துப் பூட்டினால் சரிவருமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கஃபீன் விலகல் யாரையும் கொல்லாது. மது விலகல் கொல்லும்.

தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை, மதுவின் அடக்கும் வேலைக்கு எதிராகத் தன்னை எப்போதும் முறுக்கி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை கடும் பிதற்றல் வரக்கூடும்: ஆளை அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சிகள் தெரியும், காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏறும். நீங்கள் பூட்டி வைக்க நினைக்கும் அதே மூன்று நாள்தான் மிக ஆபத்தானது. காலையிலேயே நடுக்கம் வருவது, முன்பு எப்போதாவது வலிப்பு வந்தது, ஈரல் நோய் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் நிறுத்தக் கூடாது. உங்கள் அண்ணாவுக்கு முதலாவது ஏற்கெனவே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டயசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் எனும் விற்றமின் பி1 கொடுப்பார்கள். அது இல்லாமல் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். டயசிபாமைப் பார்மசியில் வாங்கி நீங்களே கொடுக்க வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். டொக்டரைக் காணும்வரை அவரைப் பலவந்தமாக நிறுத்தவும் வேண்டாம். சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, கூடிய கெதியில் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்து வழி கேட்கலாம். வலிப்பு வந்தாலோ பிதற்றத் தொடங்கினாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பல மாதம் நித்திரை மாத்திரை போட்டு வந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஹெரோயின் விலகலின் ஆபத்து வேறு. வேதனை கடுமையாக இருந்தாலும் அதில் பெரும்பாலும் உயிர் போவதில்லை. ஆனால் சில கிழமை விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

கேள்வி: மகன் சிகரெட்டை விட்டு ஒரு கிழமை. நித்திரை இல்லை, ஒரே பதற்றம். நிகொட்டினால்தானா?
- வாசகி, தெஹிவளை

பதில்: பாதி நிகொட்டின், பாதி கோப்பியாக இருக்கலாம். சிகரெட் புகையிலுள்ள தார், ஈரலில் கஃபீனை உடைக்கும் நொதியத்தைத் தூண்டி வைத்திருக்கும். அதனால் புகைப்பவருக்குக் கஃபீன் வேகமாக வெளியேறும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஐந்து கோப்பை பத்துக் கோப்பை மாதிரி வேலை செய்யத் தொடங்கும். தேத்தண்ணி, கோப்பியைப் பாதியாக்கி, மத்தியானத்துக்குப் பிறகு நிறுத்தச் சொல்லுங்கள். முழுதாக விடச் சொல்ல வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டு விலகலைத் தாங்குவது கடினம். தேத்தண்ணிக் கடை வாசலில் சிகரெட்டோடு குடித்துப் பழகியவரென்றால் இந்த மாதம் வீட்டிலேயே குடிக்கட்டும்.

கேள்வி: தேத்தண்ணிக்குப் பதில் கிறீன் டீ குடிக்கலாமா? நான் மனநலத்துக்கு லித்தியம் எடுக்கிறேன்.
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கிறீன் டீயும் அதே தேயிலைச் செடிதான், கஃபீன் உண்டு. மல்லித்தண்ணி, இஞ்சி அவித்த தண்ணி, பெலிமல், ரணவரா இவற்றில் இல்லை. சுக்குக் கோப்பியில் கோப்பித்தூள் கலந்திருந்தால் கஃபீன் இருக்கும். கஃபீன் நீக்கிய கோப்பியிலும் கோப்பைக்குச் சில மில்லிகிராம் மிஞ்சும், விலகலுக்கு அது பொருட்டல்ல.

ஆனால் உங்கள் கேள்வியில் முக்கியமானது லித்தியம். கஃபீன் லித்தியத்தைச் சிறுநீரோடு வெளியேற்ற உதவுகிறது. தேத்தண்ணியைத் திடீரென விட்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். உங்கள் டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஒரு கோப்பையைக் குறைத்து, லித்தியம் அளவை இரத்தத்தில் பார்த்த பிறகு அடுத்ததைக் குறையுங்கள். குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களும் கஃபீன் அளவைத் தாங்களாக மாற்றக்கூடாது, கஃபீன் கூடினாலும் குறைந்தாலும் அந்த மருந்தின் அளவு மாறும்.