இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இட்லிப்பூச் செடிகள் வைத்திருக்கிறோம். புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகவும் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இருக்கின்றன. பூவும் குறைந்துவிட்டது. ஊற்றுவது போர்வெல் தண்ணீர்தான். யூரியாவும் முட்டை ஓட்டுத் தூளும் போட்டோம், பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் முட்டை ஓட்டுத் தூளை நிறுத்துங்கள். அது சுண்ணாம்பு. உங்கள் செடியின் நோய்க்குக் காரணமே சுண்ணாம்புதான்.

நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு உரியது. பழைய இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் புதிய தளிருக்கு எளிதில் மாற்ற முடியாது. அதனால் தளிர்தான் முதலில் வெளுக்கும். தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். யூரியா தருவது தழைச்சத்து மட்டுமே. அது பயன்படாததற்குக் காரணம் இதுவே.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது கரையாத வடிவில் இருப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. நாம் வளர்க்கும் சிவப்பு இட்லிப்பூ, அதாவது வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. காப்பிச் செடியின் குடும்பம். சற்றே புளிப்பான மண்தான் இதற்குப் பிடிக்கும். சுவரிலிருந்து உதிரும் சிமென்ட் பூச்சும் போர்வெல்லின் உப்புத் தண்ணீரும் அதற்கு நேர் எதிரானவை. மண்ணைக் காயவைத்துச் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருப்பது உறுதி.

உடனடி மருந்து அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம் பழச் சாறு. கலந்தவுடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இளம் இலைகளின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். கரைசல் பழுப்பாகிவிட்டால் பயன்படாது. தரையிலும் சுவரிலும் துருக்கறை விழும், கவனம். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். வெளுத்த இலைகள் திட்டுத் திட்டாகத்தான் பச்சை திரும்பும். அடுத்து வரும் தளிரைப் பார்த்தே பலனை முடிவு செய்யுங்கள். இதே உப்பை மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதையும் சில நாட்களில் முடக்கிவிடும். மண்ணில் இட வேண்டுமென்றால், சுண்ணாம்பு முடக்காதபடி கட்டிவைத்த இரும்பு உரமான இரும்பு இடிடிஹெச்ஏ (Fe-EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் காரமண்ணிலும் வேலை செய்வது அதுதான். மலிவான இடிடிஏ (EDTA) வகை அங்கே நிலைக்காது.

நிலையான தீர்வு மண்ணை மாற்றுவதுதான். சிறிய செடிகள் என்றால் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி, செம்மண்ணும் நன்கு மக்கிய இலைமக்கும் சமமாகக் கலந்து நடுங்கள். கரிசலும் அடுப்புச் சாம்பலும் வேண்டாம். மழைநீரைப் பிடித்துவைத்து முடிந்தபோதெல்லாம் இதற்கு ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினாலும் இலை இப்படியே வெளுக்கும், வடிகாலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவுக்கு வருவோம். மொட்டு கிளை நுனியில்தான் கட்டும். வேலிபோல மட்டமாக வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு நறுக்குங்கள். தினமும் நான்கைந்து மணி நேர வெயிலாவது வேண்டும்.