கத்தரி கோழியுடையது

வணக்கம் ஐயா,

முதுகலை விலங்கியல் படிக்கிறேன். வைரஸிடம் புரதம் செய்யும் ரைபோசோம் ஒன்றுகூட இல்லை. நம் செல்லின் புரதங்களை வைத்துத்தான் பெருகுகிறது. இத்தனை தந்திரம் அதற்கு எங்கிருந்து வந்தது? அது பயன்படுத்தும் நம் புரதத்தைத் தடுத்துவிட்டால் எல்லா வைரஸையும் ஒழித்துவிடலாமே? கசாயம் அப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார் என் மாமா. (ஊரில் அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். உங்கள் கோழிக் கட்டுரைகளை வாசித்துக் காட்டுவேன்.)

ம.

அன்புள்ள ம.,

கசாயம் மாமாவின் தொண்டைக்கு இதமாக இருந்தால் குடிக்கட்டும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் தந்திரம் என்கிறீர்களே, முதுகலை படிக்கிற பிள்ளை எழுதுகிற பேச்சா இது? தொலைக்காட்சிக்காரர்கள் அப்படிச் சொல்லலாம். நீங்கள் சொல்லக்கூடாது.

என் அம்மாயி வீட்டில் பங்குனி வெயில் ஏறியதும் கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சாயும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மாயி உப்பு, மிளகாய் சுற்றிப்போடுவாள். அது வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவான அதே நோய்தான்.

அந்த வைரஸின் மேலுறையில் எஃப் என்றொரு புரதம் உண்டு. கோழியின் செல்தான் அதைச் செய்து தருகிறது, ஒரே நீளத் துண்டாக. அதை ஓரிடத்தில் வெட்டினால்தான் வைரஸ் அடுத்த செல்லின் சவ்வோடு இணைந்து உள்ளே போகமுடியும். வெட்டும் கத்தரி வைரஸிடம் இல்லை, கோழியிடம் இருக்கிறது. சாதுவான வகைகளில் அந்த இடத்தை வெட்டக்கூடிய நொதிகள் மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டுமே கிடைக்கும். நோய் அங்கேயே நின்றுவிடும். தடுப்பூசியாகப் போடும் லசோட்டா இந்த ரகம். கொடிய வகைகளில் அதே இடத்தில் அர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக நிற்கும். அதை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு, மூளையிலும்தான். அம்மாயியின் கோழிகள் கழுத்தைத் திருகியது அதனால்தான்.

இதில் தந்திரம் எங்கே இருக்கிறது? 1998-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கொடிய வகை எங்கிருந்தோ வந்து இறங்கவில்லை. அங்கேயே சாதுவாகத் திரிந்த வைரஸின் வெட்டுமிடத்துக்கான மரபணுவில் ஓரிரு எழுத்து மாறியது, அவ்வளவுதான். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ-வை நகலெடுக்கும்போது பிழை விழுந்துகொண்டே இருக்கும். பிழையான நகல்களில் பெரும்பாலானவை எதற்கும் உதவாமல் அழிந்துபோகும். கத்தரிக்குத் தோதாக அமைந்த ஒன்று மட்டும் பெருகும். அழிந்ததை யார் எண்ணுகிறார்கள்? பெருகியதைப் பார்த்து மூளை இருக்கிறது என்கிறோம். மூளை இல்லை ஐயா. திட்டம் இல்லை, ஆசை இல்லை. அம்மாயி கண் வைத்ததாகச் சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

சரி, தடுப்பது பற்றி. ஃபியூரின் நம் உடலின் எத்தனையோ புரதங்களை வெட்டித் தயார்செய்கிறது. அது இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும். எச்ஐவி பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 என்ற நம் செல்லின் மேற்பரப்புப் புரதம் வேறு கதை. அது இல்லாமலே பலர் நன்றாக வாழ்கிறார்கள். அதைத் தடுக்கும் மராவிராக் மருந்தும் 2007-லேயே வந்துவிட்டது. பறவைக் காய்ச்சல் வைரஸ் பெருகுவதற்கு ஏஎன்பி32ஏ என்ற கோழிப் புரதம் வேண்டும். எடின்பரோவிலும் லண்டனிலும் உள்ள ஆய்வாளர்கள் மரபணுவைத் திருத்தி அதை மாற்றினார்கள், முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. வழக்கமான அளவு வைரஸைக் கொடுத்தபோது 10 கோழிகளில் ஒன்றுக்குத்தான் தொற்றியது. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது 10-ல் 5-க்குத் தொற்றியது. அந்த வைரஸ்கள் மாறி, அதே குடும்பத்தின் பி, இ புரதங்களைக்கூட வைத்துப் பெருகியிருந்தன. இதையும் தந்திரம் என்று எழுதிவிடாதீர்கள்!

அம்மாவின் கோழிகளுக்கு ஊசி போட்டாயிற்றா? குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. பங்குனிக்கு முன்பே ஒரு கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கழிகிற கோழியை அந்தக் கூடையில் சேர்க்கவேண்டாம்.