குருத்துக்குள் இருக்கும் படைப்புழு மருந்தடித்தும் சாகாதது ஏன்?

கேள்வி: 25 நாள் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு இருமுறை மருந்து தெளித்துவிட்டேன். ஆனாலும் குருத்தைப் பிரித்தால் புழு உயிரோடு நெளிகிறது. மருந்தின் அளவைக் கூட்டலாமா?

பதில்: தயவுசெய்து கூட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மருந்து புழுவைச் சென்று சேரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குருத்தின் வாயில் ஈர மரத்தூள் போல அடைத்திருப்பது புழுவின் எச்சம். அதை விலக்கினால், தலையில் கவிழ்த்த ‘ஒய்’ வடிவ வெண்கோடும், வால்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் கொண்ட புழு, பெரும்பாலும் ஒன்றே ஒன்று, இருக்கும். வளர்ந்த புழு தன் இனத்துச் சிறு புழுக்களையே தின்றுவிடுகிறது. மேலிருந்து பொதுவாகத் தெளிக்கும் மருந்து அந்த எச்சத்தின் மீதும் இலை விளிம்பிலுமே தங்கிவிடுகிறது.

இன்னொரு காரணம் புழுவின் வயது. 100 முதல் 200 வரையான முட்டைகள் கொண்ட குவியல் இரண்டு மூன்று நாளில் பொரிந்ததும், இளம்புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டி, கண்ணாடிச் சன்னல் போன்ற வெளிறிய திட்டுகளை விட்டுச்செல்லும். மருந்து எளிதில் வேலைசெய்வது அப்போதுதான். தன் ஆறு வளர்ச்சி நிலைகளில் கடைசி இரண்டில்தான் புழு இலையின் பெரும்பகுதியைத் தின்கிறது; கிழிந்த ஓட்டைகள் நம் கண்ணில் படும்போது அது ஏற்கெனவே குருத்தின் அடியில் இருக்கிறது.

ஆகவே, சிறு புழுக்கள் இன்னும் இருந்தால், அவை வெளியே வந்து மேயும் மாலை நேரத்தில், தெளிப்பானின் முனையைக் குருத்தை நோக்கிப் பிடித்து, மருந்து உள்ளே வழியுமளவு செடிசெடியாகத் தெளியுங்கள். முன்பு அடித்த மருந்தின் வேதிப்பெயரைப் புட்டியில் பார்த்து, வேறு வகையைத் தேர்ந்தெடுங்கள். கடைப்பெயர் மாறினாலும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கக்கூடும். பெரிய புழுக்களைக் கையால் எடுத்து நசுக்குவதே உறுதியானது. பரப்பு சிறிதென்றால், 9 பங்கு மணலுக்கு 1 பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் இடலாம்.

படைப்புழு என்பது ஓர் அந்துப்பூச்சியின் புழுப்பருவம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த அந்துப்பூச்சி 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. இதற்கு உறக்கப் பருவம் கிடையாது என்பதால், வெப்பப் பகுதிகளில் பயிரோ புல்லோ இருக்கும்வரை இனப்பெருக்கம் தொடரும். அடுத்த முறை, பயிர் முளைத்த முதல் வாரத்திலிருந்தே இலைகளைப் புரட்டிப் பார்த்து, பஞ்சு போன்ற மயிர் மூடிய முட்டைக் குவியல்களை நசுக்கிவிடுங்கள்.

தெளித்த மூன்றாம் நாள் பத்திருபது செடிகளின் குருத்தைத் தொட்டுப் பாருங்கள்: எச்சம் காய்ந்து உதிர்ந்தால் புழு ஓய்ந்துவிட்டது, ஈரமாக, புதிதாக இருந்தால் உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.